தாங்கும் கருவி முதலில்

ஒருவருடைய புத்தக அலமாரியைப் பார்த்தால் அவர் எதை விரும்புகிறார் என்பது தெரியும். அவருடைய கருவிப் பெட்டியைப் பார்த்தாலோ, எத்தனை முறை கையைச் சுட்டுக்கொண்டார் என்பது தெரியும். எம் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. முதலாவதைச் சேர்க்க இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன. இரண்டாவதை 2022 ஆம் ஆண்டிலேதான் சேர்க்கத் தொடங்கினோம். ஆயினும் முதலாவது கற்பித்ததற்கு இரண்டாவது கற்பித்தது சற்றும் குறைந்ததன்று.

நாம் கல்லூரியிலே தமிழ் கற்பிக்கிறோம். வாழ்வது ஹட்டனுக்கு அண்மையில், தேயிலை மலைகளின் நடுவே. எம் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் பிட்டராக வேலை பார்த்தவர். நாம் சிறுவராயிருந்த காலத்தில், ஆண்டுதோறும் சரசுவதி பூசையன்று எம் லயத்து வீட்டில் எம் பாடப்புத்தகங்களும் அவருடைய ஸ்பனர்களும் ஒரே பலகையில், ஒரே சந்தனப் பொட்டுடன் வீற்றிருக்கும். மறுநாள் விசயதசமியன்று புத்தகங்கள் எம் கைக்கு வரும். ஸ்பனர்கள் பெட்டிக்குள் போகும், பெட்டி பூட்டப்படும். ஒருமுறை ஆவல் தாளாமல் ஒரு ஸ்பனரைத் தூக்கிப் பார்த்தோம்.

“வச்சிடு தம்பி. இத நான் புடிச்சது போதும். நீ பேனாவப் புடி” என்றார் தந்தையார்.

அவர் கடிந்து கூறவில்லை. எம்மிடம் ஏதோ வேண்டிக்கொள்பவர்போலக் கூறினார். ஆகவே அச்சொல்லை நாம் மீறவில்லை. படித்தோம், பட்டதாரியானோம், ஆசிரியரானோம், பின்னர்ப் பழைய ஜப்பானியக் கார் ஒன்றும் வாங்கினோம். அதன் எஞ்சின் மூடியைத் திறக்கும் பிடி எங்கிருக்கிறது என்பதை அறியாமலே ஏழாண்டு ஓட்டினோம் என்று சொன்னால் வாசகர்கள் நகைப்பார்கள். நகைக்கட்டும், அது உண்மை.

2022 ஆம் ஆண்டு வந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கும் வரிசை. புதிதாகக் கார் வாங்குவது கனவிலும் இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இருக்கிற காரைக் காப்பாற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. கராஜுக்குக் கொண்டு சென்றாலோ, உதிரிப் பாகத்தின் விலை கூலியை விழுங்கிற்று. இரண்டும் சேர்ந்து எம் சம்பளத்தை விழுங்கின. “சிறு வேலைகளையாவது நாமே செய்துகொள்ளலாகாதா?” என்று எம் இல்லாள் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. கேட்கப்பட்ட ஆளிடந்தான் அறிவு இல்லை.

அவ்வாண்டு ஆனி மாதத்து மழை நாளொன்றில் பின்சக்கரம் ஒன்று காற்றிழந்தது. வாசலோ மலைச்சரிவு. காரோடு வந்த ஜாக்கியை ஈரமண்ணிலே ஊன்றிக் காரை உயர்த்தினோம். சக்கரத்தையும் கழற்றினோம். அவ்வளவு எளிதாக முடிந்ததே என்று பெருமிதம் கொண்ட அந்த நொடியில், கழற்றி வைத்த நட்டு ஒன்று உருண்டு காரின் கீழ்ச் சென்றது. ஒன்பது வயதான எம் மகள் அதை எடுப்பதற்காகக் குனிந்து கையை நீட்டினாள்.

“பாப்பா, கைய எடு!”

திண்ணையிலிருந்து தந்தையார் எழுப்பிய குரல் அது. அவள் திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். மழையில் ஊறிய மண்ணில் ஜாக்கியின் பாதம் அமிழ்ந்து சாய்ந்தது; கார் முன்னே நகர்ந்து, சக்கரமில்லாத அச்சின் மேல் தொப்பென்று விழுந்தது. அவளுடைய கை இருந்த இடத்துக்கும் அந்த இரும்புக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை.

அன்றிரவு வீட்டில் எவரும் சரியாக உண்ணவில்லை. தந்தையார் எம்மை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. விளக்கணைக்கும் வேளையில் தலையணையின் கீழிருந்து ஒரு சாவியை எடுத்து எம்மிடம் நீட்டினார். “தப்பு என்னுதும்தான் தம்பி. கத்துக் குடுத்திருக்கணும்” என்றார். எண்பதை நெருங்கும் தந்தை அவ்வாறு கூறக் கேட்டபோது எமக்கு மறுமொழி வரவில்லை.

மறுநாள் பெட்டியைத் திறந்தோம். எண்ணெய்த் துணியில் சுற்றப்பட்டிருந்த ஸ்பனர்களில் ஒரு பொட்டுத் துருவும் இல்லை. மூடுபனியும் மழையும் மாறி மாறி ஆளும் இம்மலையில், துடைக்காத இரும்பு சில நாட்களிலேயே சிவந்துவிடும். வேலை முடிந்ததும் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசிய பின்னரே பெட்டியில் இடவேண்டும் என்பது அன்று கற்ற முதற்பாடம்.

பெட்டியின் அடியில் ஒரு சுத்தியல் இருந்தது. அது தந்தையாரோடு ஒன்றாய் வேலை செய்த நண்பருடையதாம். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி அந்நண்பர் குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். ஒப்பாரிக் கோச்சி என்று மக்கள் பெயரிட்ட ரயிலில் தலைமன்னாருக்குப் புறப்படும்போது, “கனம் தூக்கிக்கிட்டுக் கடல் தாண்ட முடியாது, நீ வச்சுக்க” என்று கொடுத்தாராம். அச்சுத்தியலால் எம் தந்தையார் அதிகம் வேலை செய்ததில்லை. ஆனால் ஆண்டுதோறும் பூசைப் பலகையில் அதற்கே முதலிடம். அதன் காரணத்தை நாம் நாற்பது வயது கடந்த பின்னரே அறிந்தோம்.

கருவிகள் கிடைத்துவிட்டன என்று மகிழ்ந்து காரிடம் சென்றோம். ஒன்றும் பொருந்தவில்லை! தந்தையார் சிரித்துக்கொண்டே விளக்கினார். பின்னர் நாமும் படித்து அறிந்துகொண்டோம். தேயிலை உருட்டும் இயந்திரங்களும் உலர்த்தும் இயந்திரங்களும் பெல்பாஸ்ட், கெயின்ஸ்பரோ போன்ற ஊர்களிலிருந்து கப்பலேறி இம்மலைக்கு வந்தவை. அவற்றின் திருகாணிகள் 1841 ஆம் ஆண்டில் ஜோசப் விட்வர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் வகுத்த முறைப்படி அமைந்தவை. அதற்குமுன் பட்டறைக்குப் பட்டறை புரியின் அளவு வேறுபட்டது. விட்வர்த் முறையில் ஸ்பனரில் பொறித்த எண், அதன் வாயின் அகலம் அன்று. அது திருப்பும் திருகாணித் தண்டின் பருமன். ஆகவே 1/2 என்று பொறித்த ஸ்பனரின் வாய் முக்கால் அங்குலத்தையும் தாண்டும்!

1948 ஆம் ஆண்டில் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் பொதுவான புரியளவு ஒன்றுக்கு உடன்பட்டன. மொறிஸ், ஒஸ்டின் முதலிய கார்களும் படிப்படியாக அம்முறைக்கு மாறின. அவற்றுக்குரிய ஸ்பனர்களில் பொறித்த எண் வாயின் அகலத்தையே அங்குலத்தில் குறிக்கும். அதற்குப் பின் வந்த ஜப்பானியக் கார்களோ மில்லிமீற்றர் கணக்கில் வந்தன. இந்த ஒரு மலையிலேயே தொழிற்சாலைக்கு ஓர் அளவு, பழைய துரைமாரின் காருக்கு ஓர் அளவு, எம் காருக்கு இன்னோர் அளவு. மூன்றும் மூன்று மொழிகள் என்றே சொல்லலாம்.

“கிட்டத்தட்டச் சரி” என்பது இங்கே செல்லாது. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். அந்த ஸ்பனர் 12 மில்லிமீற்றர் நட்டின் மேல் அழகாய் அமரும். இடைவெளி 0.7 மில்லிமீற்றரே. ஆனால் அழுத்தித் திருப்பினால், நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். அப்புறம் எந்த ஸ்பனரும் அதைப் பிடிக்காது. மாணவர் கட்டுரையில் ஓர் ஒற்றெழுத்து விடுபட்டாலும் சிவப்பு மையால் வட்டமிடும் நாம், இரும்பிலும் ஒற்றுப்பிழை உண்டென்பதை அன்று உணர்ந்தோம்.

இனி, எமக்கென ஒரு தொகுதி சேர்க்கவேண்டியதாயிற்று. கடையில் நூறு உருப்படி கொண்ட பெட்டி பளபளத்தது. தந்தையார் தடுத்துவிட்டார். “திருப்புற சாமான் அப்புறம். தாங்குற சாமான் மொதல்ல” என்றார். நாம் சேர்த்த வரிசை இதுவே.

முதலாவது, சமதளம். மலைநாட்டில் அரிதிலும் அரிது அதுதான். வாசலிலே ஒரு கார் நிற்குமளவுக்கு மண்ணை வெட்டிச் சமன்செய்து சீமெந்து இட்டோம். பெட்டியில் அடங்காத முதற்கருவி அது. இரண்டாவது, சக்கரங்களுக்கு அண்டை கொடுக்கும் மரக்கட்டைகள். தூக்கும் சக்கரத்துக்கு எதிர்ப்புறச் சக்கரங்களின் முன்னும் பின்னும் அவற்றை இடவேண்டும். கைப்பிரேக்கை மட்டும் நம்பலாகாது. மூன்றாவது, இரும்புத் தாங்கிகள் இரண்டு. ஜாக்கி தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு உரியதன்று. தூக்கிய காரை, கைந்நூல் காட்டும் இடத்திலே தாங்கியின் மேல் இறக்கி வைத்த பின்னரே கை உள்ளே செல்லவேண்டும்.

அதன் பின்னரே ஸ்பனர்கள். முழுத் தொகுதியாக அன்று, வேலை வந்தபோது ஒவ்வொன்றாய் வாங்கினோம். ஜப்பானியக் காருக்கு 10, 12, 14, 17 ஆகிய நான்கும் பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். வளைய வாயுள்ள ஸ்பனர் நட்டின் எல்லா மூலைகளையும் அணைத்துப் பிடிக்கும். திறந்த வாயுள்ளது இரண்டு பக்கங்களை மட்டுமே பற்றும். ஆகவே இறுகிய நட்டுக்கு வளைய வாயே தக்கது. ஸ்பனரைத் தள்ளாமல் தன்பால் இழுக்கவேண்டும். தள்ளும்போது வழுக்கினால் விரல்முட்டி இரும்பில் மோதும். இதை நாம் முட்டி உரிந்த பின்னர்க் கற்றோம். கொழும்புக்குச் செல்லும்போது பஞ்சிகாவத்தைக் கடைகளை எட்டிப் பார்ப்பதும் வழக்கமாயிற்று.

அடுத்தவை அளக்கும் கருவிகள்: டயரின் காற்றளக்கும் மானி, மின்னழுத்தமானி. குளிர்ந்த காலையில் கார் கிளம்பாவிட்டால், பற்றரியை மாற்று என்று எல்லாரும் சொல்வர். ஓய்ந்திருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ட் அளவு காட்டவேண்டும். எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட் காட்டவேண்டும். ஓடும்போதும் எண் உயராவிட்டால், மின்னேற்றும் பகுதியையே முதலிற் சந்தேகிக்கவேண்டும். இச்சிறு மானி ஒருமுறை வீண்செலவிலிருந்து எம்மைக் காத்தது.

எமக்கு உரியதல்லாத வேலையும் உண்டு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகை எண்ணெய் புதிதாயிருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அது 140 பாகை வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் எண்ணெய் கொதித்து ஆவியாகி, மிதி வெறுமையாய் உள்ளே போய்விடும். கினிகத்தேனை இறக்கத்தில் அதைச் சோதித்துப் பார்க்க எவரும் விரும்பார். ஆகவே பிரேக்கும் ஸ்டியரிங்கும் தேர்ந்த மெக்கானிக்கின் கைக்கே உரியவை என்று விதித்துக்கொண்டோம். எதைத் தொடலாகாது என்று அறிவதும் கருவியறிவின் ஒரு பகுதியே.

இப்போது எம் பெட்டியில் இருபதுக்கும் குறைவான உருப்படிகளே உள்ளன. தந்தையாரின் பெட்டி அதன் அருகில் இருக்கிறது. அதிலுள்ளவை எம் காருக்குப் பொருந்தா. எனினும் மாதம் ஒருமுறை துடைத்து எண்ணெய் பூசுகிறோம்.

சென்ற சரசுவதி பூசையில் பலகை நிறைந்திருந்தது. நடுவிலே பழைய சுத்தியல். ஒருபுறம் தந்தையாரின் ஸ்பனர்கள், மறுபுறம் எம்முடையவை. பின்னால் மகளின் பாடப்புத்தகங்கள். விசயதசமிக் காலையில் அவள் புத்தகங்களை எடுத்துக்கொண்டாள். பிறகு சற்றுத் தயங்கி, 10 ஆம் எண் ஸ்பனரைத் தொட்டுப் பாட்டனாரை நோக்கினாள். நாம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

“எடுத்துக்க பாப்பா” என்றார் அவர். “ஆனா, மொதல்ல சக்கரத்துக்குக் கட்டையப் போடு.”