கடலோரத்தில் ஒரு வீடு



தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் கோட்டையைப் பார்த்து, கடற்கரையில் சற்று நின்று, புதிய எருசலேம் ஆலயத்தில் ஜெபித்தபின் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "ஐயா, இங்கே குடியிருக்கச் செலவு அதிகம் ஆகாது, அல்லவா?" சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்தவர்கள், ஓய்வுபெறும் வயதை நெருங்குகிறவர்கள், ஏக்கத்தோடு அப்படிக் கேட்கிறார்கள். அதே வாரத்தில் நம் சபை வாலிபர் ஒருவர் குருமனைக்கு வந்து, "ஐயா, இந்த ஊரில் என்ன இருக்கிறது? நான் போகத்தான் வேண்டும்" என்கிறார். ஒரே ஊரை ஒருவர் அடைக்கலமாகவும் மற்றவர் முட்டுச்சந்தாகவும் பார்க்கிறார்கள். இவ்விருவருக்கும் நடுவே வாழ்கிற நாம், சிறிய ஊரில் குறைந்த செலவில் வாழும்படி ஆண்டவர் நம்மை வைத்திருப்பதன் பொருள் என்னவென்று இந்த வாரம் சிந்திப்போம்.

செலவு குறைவு என்பது உண்மைதான். காலையில் கரைக்கு நடந்து சென்றால் மத்தியும் நெத்திலியும் கானாங்கெளுத்தியும் நகரத்து விலைக்கு வெகு கீழே கிடைக்கின்றன. ஆலயம், பள்ளி, கடைத்தெரு எல்லாம் நடை தூரம். பொறையார் வரை போய்வர ஒரு மிதிவண்டி போதும். நகரத்தில் நான் ஊழியம் செய்த ஆண்டுகளில் ஒரு வீட்டைச் சந்தித்துத் திரும்ப அரை நாள் ஆகும். இங்கே ஒரு மாலைப் பொழுதில் நான்கு வீடுகளில் அமர்ந்து ஜெபிக்க முடிகிறது. பணம் மட்டுமன்றி நேரமும் மிஞ்சுகிறது.

ஆனால் கடல் தன் வாடகையை வேறு வழியில் வாங்கிக்கொள்கிறது. உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்கிறது; கூரைக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, பூச்சைப் பெயர்த்துத் தள்ளுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தச் சுவரும் காய்வதில்லை. நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் காரைக்காலுக்கோ மயிலாடுதுறைக்கோ ஓட வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட இரவுகளில் வண்டியின் முன்னிருக்கையில் நானும் அமர்ந்து போயிருக்கிறேன். ஆகையால் இந்த ஊரை மலிவான பரலோகமாக நான் வர்ணிக்கமாட்டேன்.

இவ்வூர் ஏன் சிறியதாக நின்றது என்பதற்குச் சரித்திரம் பதில் சொல்கிறது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு டேனியர்கள் இங்கே கோட்டை கட்டியபோது இது உலக வணிகத்தின் ஒரு வாசலாயிருந்தது. 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. சரக்கும் வணிகரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நமக்கு ரயில் வந்தது 1926-இல். மயிலாடுதுறையிலிருந்து வந்த அந்தப் பாதையும் 1986-இல் நிறுத்தப்பட்டது. நம்மில் மூத்தவர்கள் அந்த ரயிலில் ஏறிப் படிக்கப் போனவர்கள். உலகம் தன் கணக்கில் இந்த ஊரைத் தள்ளிவைத்தது. அதனால்தான் இங்கே வாடகை குறைவு.

உலகம் தள்ளிவைத்த இடங்களை ஆண்டவர் என்ன செய்கிறார்? அப்போஸ்தலருடைய நடபடிகள் 9, 10-ஆம் அதிகாரங்களை இந்த வாரம் உங்கள் வீட்டு ஜெபத்தில் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பேதுரு யோப்பாவில் அநேக நாள் தங்கினார். யோப்பா ஒரு கடற்கரைப் பட்டணம். அவர் தங்கியது தோல் பதனிடுகிற சீமோன் என்பவரின் வீட்டில். அந்த வீடு கடலோரத்தில் இருந்ததாக வேதம் கவனமாகச் சொல்கிறது. தோல் பதனிடுவது செத்த மிருகங்களைத் தொட்டுச் செய்யும் தொழில். யூதர்கள் அதைத் தாழ்வாகக் கருதினார்கள். துர்நாற்றம் வீசும் அந்தத் தொழிலுக்குத் தண்ணீரும் வேண்டும், ஊருக்குச் சற்று விலகிய இடமும் வேண்டும். ஆகவே சீமோனின் கடலோர வீட்டை, காற்று வாங்கக் கட்டிய மாளிகையாக நாம் எண்ண வேண்டியதில்லை. மற்றவர்கள் குடியிருக்க விரும்பாத ஓரத்தில் அவருக்குக் கிடைத்த வீடு அது.

அந்த வீட்டின் மேல்தளத்தில்தான் பேதுரு பசியோடு ஜெபிக்கையில் தரிசனம் கண்டார். அந்த வீட்டு வாசலில்தான் கொர்நேலியு என்னும் ரோம நூற்றுக்கதிபதி அனுப்பிய ஆட்கள் வந்து நின்று விசாரித்தார்கள். பேதுரு அவர்களை உள்ளே அழைத்து, அன்றிரவு அங்கேயே தங்கவைத்தார். யூதரல்லாதவர்களுக்குச் சபையின் கதவு திறந்த அந்த வரலாற்றில் ஒரு தோல் தொழிலாளியின் திண்ணைக்கும் இடமிருக்கிறது. சீமோன் பேசிய ஒரு வார்த்தைகூட வேதத்தில் இல்லை. அவரிடம் ஒரு வீடு இருந்தது. அதில் ஒருவர் தங்க இடமிருந்தது. விருந்தாளி தன் விருந்தாளிகளை அழைத்தபோதும் இடமிருந்தது. அவ்வளவே நமக்குத் தெரியும், அது போதும்.

அதே யோப்பாவில் தபீத்தாள் என்னும் சீஷி விதவைகளுக்கு அங்கிகளும் வஸ்திரங்களும் தைத்துக்கொடுத்து வாழ்ந்தாள். அவள் மரித்தபோது அந்த விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவள் தைத்தவற்றைக் காட்டி அழுதார்கள். அவ்வூரில் விதவைகள் எப்படி உண்டானார்கள் என்று வேதம் காரணம் சொல்லவில்லை. கடலோரத்தில் வாழ்கிற நமக்கு அதை யூகிப்பது கடினமல்ல.

நம் ஊருக்கும் இத்தகைய ஒரு வரலாறு உண்டு. 1706 ஜூலை 9-ஆம் தேதி இங்கே கரையிறங்கிய சீகன்பால்கு ஐயர், சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துக்களை எழுதிக் கற்றார். ஆளுநரின் கோபத்துக்கு ஆளாகிக் கோட்டைக்குள் நான்கு மாதம் சிறையிருந்தார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு இந்தச் சிற்றூரின் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. 1718-இல் புதிய எருசலேம் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். மறு ஆண்டே, 37 வயது நிறையுமுன் மரித்து அதற்குள்ளேயே அடக்கம்பண்ணப்பட்டார். பெரிய நகரம் கிடைக்கும்வரை அவர் தம் ஊழியத்தைத் தள்ளிப்போடவில்லை. கையெட்டும் தூரத்தில் இருந்த மணலே அவருக்குப் பலகையாயிற்று.

பிரியமானவர்களே, இப்போது கடினமான ஒரு காரியத்தைப் பேச வேண்டும். "இங்கே செலவு குறைவு" என்று சொல்லும்போது, யாருக்குக் குறைவு என்று நாம் கேட்பதில்லை. ஓய்வூதியம் வாங்குகிறவருக்குக் குறைவு. வெளிநாட்டிலிருந்து மகன் பணம் அனுப்புகிற வீட்டுக்குக் குறைவு. வருமானம் வெளியிலிருந்தும் செலவு உள்ளூரிலும் அமைந்த நமக்கு இந்த ஊர் இனிக்கிறது. வருமானமும் இந்தக் கடலிலிருந்தே வரவேண்டியவர்களுக்கோ, அதே வாடகை பாரமாயிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் மளிகைக் கடையில் கடன் ஏறாத வீடு எங்கள் தெருவுக்கு அப்பால் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நாம் மலிவாக வாங்குகிற மீனின் விலைதான் அவர்களுடைய கூலி.

சபையின் ஒரு சகோதரியைப் பற்றி, அவர்களுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, ஊரார் யாவரும் டீச்சரம்மா என்பார்கள். அவர்கள் வீட்டின் பின்கட்டில் பத்தாண்டுக்கு மேலாக ஒரு மீனவ விதவை இரண்டு பிள்ளைகளோடு குடியிருக்கிறார். விடியுமுன் கரையில் மீன் வாங்கி, கூடையோடு பேருந்தேறி, உள்நாட்டுக் கிராமங்களில் விற்று வருகிறவர். நம் ஊரின் பழைய மாளிகைகள் சில விடுதிகளாகிவிட்டதால், வார இறுதியில் தங்குவோருக்கு அறை கேட்டு ஆட்கள் வருகிறார்கள். அப்படி வந்த ஒருவர் அந்தப் பின்கட்டுக்கு இரண்டு மடங்கு வாடகை தருவதாகச் சொன்னார். அதே சமயம் டீச்சரம்மாவின் கூரையில் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிந்தது. பழுதுபார்க்கப் பணம் தேவை.

"ஐயா, வீடு என்னுடையது. நான் அவளை அனுப்பினால் யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை" என்றார்கள்.

"அம்மா, முடிவு உங்களுடையது. முடிவு செய்யுமுன் அவர்களிடம் ஒருமுறை மனம்விட்டுப் பேசுங்கள்" என்று மட்டும் சொன்னேன். ஜெபித்துத் திரும்பினேன்.

அவர்கள் பேசினார்கள். அந்த விதவைக்குக் கூரையின் நிலைமை ஏற்கெனவே தெரிந்திருந்தது, கேட்கத்தான் பயந்திருந்தார். தம்மால் இயன்ற அளவு வாடகையைச் சற்று உயர்த்தித் தர அவரே முன்வந்தார். டீச்சரம்மா அதை ஏற்றுக்கொண்டு, வெளியாளுக்கு இல்லையென்று சொல்லியனுப்பினார்கள். அதனால் பணம் எங்கிருந்தோ வந்து குவிந்துவிட்டது என்று எழுத எனக்கு விருப்பமில்லை, ஏனெனில் அப்படி நடக்கவில்லை. முன்னறையின் கூரை சீராயிற்று. பின்னறையின் வேலை இன்னும் பாக்கி. சென்ற மழைக்காலத்தில் ஒரு மூலையில் வாளி வைத்திருந்தார்கள். ஆனால் இரவில் டீச்சரம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்த அன்று கதவைத் தட்டி உள்ளே வந்து, வண்டி பிடித்து, காரைக்கால் வரை மடியில் சாய்த்துக் கொண்டுபோனவர் அந்தப் பின்கட்டுக்காரர்தான். தொலைவிலிருக்கும் மகனுக்கு மறுநாள்தான் செய்தி போயிற்று.

குறைந்த செலவில் வாழ்வது வரமானால், அதனால் மிஞ்சுவதை யாருக்காக வைத்திருக்கிறோம் என்பதே நம்மிடம் கேட்கப்படும் கேள்வி. மிஞ்சியது பணமாகவும் இருக்கலாம். ஒரு மாலைப் பொழுதாகவும், பூட்டிக்கிடக்கும் ஓர் அறையாகவும் இருக்கலாம். இவ்வூரில் நம்மைத் தாங்குவது குறைந்த வாடகை மட்டுமல்ல. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்துவருகிற அயலாரும்தான். மிஞ்சியதையெல்லாம் நமக்கென்றே பூட்டிவைத்தால் வாடகை குறைவாகவே இருக்கும். கூப்பிட ஆள்தான் இராது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலர் உங்கள் வீட்டாரை அன்று கொடுத்தவர்கள். இக்கடற்கரை எங்கும் அன்று ஆலயங்களும் பள்ளிகளும் கல்யாண மண்டபங்களும் கதவைத் திறந்தன. யார் எந்தத் தெரு, எந்தச் சமயம் என்று பல வாசல்களில் விசாரிக்கவில்லை. அப்படித் திறக்கத் தெரிந்த ஊர் இது. அந்தத் திறப்பு பேரிடர் நாளுக்கு மட்டும் உரியதாயிருக்க வேண்டாம் என்பதே என் விண்ணப்பம்.

ஊரைவிட்டுப் போக நினைக்கிற வாலிபரே, போங்கள். படிப்பும் வேலையும் உங்களை அழைத்தால் அது துரோகமல்ல. ஆனால் உங்களை அனுப்புகிற ஊரை ஒன்றுமில்லாத ஊர் என்று சொல்லாதிருங்கள். ஓய்வுக்காக இங்கே வர நினைக்கிற அன்பரே, வாருங்கள். மலிவான கரையாக மட்டும் எண்ணி வராமல், அயலாராக வாருங்கள். மீன்கூடைக்காரரிடம் பேரம் பேசுமுன் அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு வைத்திருக்கிற சபையாரே, உங்கள் கூரையும் ஒழுகலாம் என்பதை அறிவேன். தீர்மானிக்குமுன் குடியிருப்பவரிடம் பேசுங்கள். இந்த வாரம் உங்கள் வீட்டில் மிஞ்சியிருக்கிற ஒன்றை அடையாளம் கண்டு, அது யாருக்கு உரியது என்று ஆண்டவரிடம் கேளுங்கள்.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, தச்சரின் வீட்டிலும் மீனவரின் படகிலும் வாழ்ந்த உமது குமாரனுக்காக உம்மைத் துதிக்கிறோம். எங்களுக்கு நீர் தந்த இந்தச் சிறிய ஊருக்காக நன்றி செலுத்துகிறோம். இன்று அலைமேல் இருக்கிறவர்களைக் காத்தருளும். வாடகைக்கு அஞ்சி உறங்காதிருப்போரையும், பிள்ளைகள் தூரமாயிருக்கத் தனிமையில் வாழ்வோரையும் ஆற்றித்தேற்றும். எங்களிடம் மிஞ்சியிருப்பதை எங்களுக்குக் காட்டி, அதைத் திறந்து கொடுக்கும் மனதைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், பிதாவே. ஆமென்.