கையோடு வந்த கிரீஸ் நிப்பிள்!

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு. மரங்களுக்கு நடுவே பெரிய டிராக்டர் திரும்பாது என்பதால், அப்பா கடன் போட்டு ஒரு மினி டிராக்டர் வாங்கினார். ரொட்டவேட்டர் ஓட்டுவது, தேங்காய் ஏற்றுவது என எல்லாமே அந்த வண்டிதான். நான் காலேஜ் முடித்து சென்னைக்கு வேலைக்கு வரும்வரை அதற்கு கிரீஸ் அடிப்பது என் பொறுப்பு.

இந்தப் பொங்கல் லீவில் பழைய ஆசையில் கிரீஸ் கன்னை எடுத்தேன். முன்சக்கரம் திரும்பும் கிங் பின்னில் மாட்டி நாலு அடி அடித்தேன். கிரீஸ் உள்ளே போகவில்லை. நிப்பிளுக்கு அடியிலிருந்து பிதுங்கியது. கன்னைப் பிடித்து வேகமாக ஆட்டி இழுத்தேன். நிப்பிளும் சேர்ந்து கையோடு வந்துவிட்டது! அதன் மரையில் வெள்ளை டேப் சுற்றியிருந்தது.

''அது ஆறு மாசமாவே லூஸ்தான் கண்ணு. டேப் சுத்தித் திருகி வெச்சிருக்கேன். வண்டி ஓடுதில்ல?'' என்றார் அப்பா.

மெக்கானிக் அண்ணன் வந்தார். ஜாக்கி வைத்துத் தூக்கி சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். 'டக் டக்' என்று சத்தம். ''ஏனுங்ணா, புஷ் தேய ஆரம்பிச்சிருச்சுங்களே!'' என்றார்.

நிப்பிளுக்குள் ஒரு குட்டி ஸ்பிரிங்கும் குண்டும் இருக்கின்றன. கன் அழுத்தும்போது குண்டு உள்ளே இறங்கி கிரீஸுக்கு வழிவிடும். அழுத்தம் நின்றதும் மேலே வந்து வாயை மூடிக்கொள்ளும். நிப்பிள் லூஸானால் கிரீஸ் வெளியே வரும், அதே இடைவெளியில் மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். மண் கலந்த கிரீஸ் உப்புத்தாள் மாதிரி பின்னையும் புஷ்ஷையும் தேய்த்துவிடும். டேப் பிசிர் உள்ளே போனால் கிரீஸ் போகும் வழியும் அடைபடலாமாம்.

''கிரீஸ் அடிக்கிறது யாருங்க? கன்னை முரட்டுத்தனமா ஆட்டி இழுத்தா மரை போயிரும். உள்ள அழுத்தம் நின்னா கன் விடாது. முனையைக் கொஞ்சம் லூஸ் பண்ணி அழுத்தத்தை இறக்கிட்டு எடுக்கணும்'' என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல் பிடுங்குவது போல இத்தனை வருடம் இழுத்தது நான்தானே! வாய் திறப்பதற்குள் அப்பா, ''நாந்தானுங்'' என்றார்.

மரை நன்றாக இருந்தால் புது நிப்பிள் மாற்றினாலே போதுமாம். எங்கள் வண்டியில் ஓட்டையின் மரையே தேய்ந்திருந்தது. எனவே, 6 எம்.எம். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, 8 எம்.எம். மரை வெட்டினார். இரும்புத்தூள் உள்ளே விழாமல் ஒட்டிக்கொள்ள, மரை வெட்டும் டேப்பில் கிரீஸ் தடவிக்கொண்டார். துடைத்துவிட்டு, புது நிப்பிளைக் கையால் திருகி, ஸ்பேனரில் அளவாக இறுக்கினார். ''ஓவரா முறுக்கினா கழுத்து ஒடிஞ்சிரும் பாப்பா.''

கிரீஸ் வருகிறதா என்று பார்க்க, கன் முனையில் விரல் வைக்கப் போனேன். சட்டென்று தட்டிவிட்டார். அந்த அழுத்தத்தில் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரலாம்.

பிறகு கன்னை மாட்டி அடித்தார். கறுப்பாகப் பழைய கிரீஸ் வெளியேறி, புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை விடவில்லை. நிப்பிளின் விலை டீ, வடைக்கு ஆகிற காசுதான். ஆனால், தேய்ந்த புஷ்ஷை மாற்ற சக்கரத்தையே கழற்ற வேண்டும். அந்தச் செலவு அடுத்த வெட்டுக் காய்ப் பணத்தில்தான்.

ராத்திரி சாப்பிடும்போது, ''நான்தான்பா இழுத்து இழுத்துக் கெடுத்தேன்'' என்றேன்.

அப்பா சிரித்தார். ''தெரியும் கண்ணு. நீ போனதுக்கப்புறம் முட்டி வலியில என்னால குனிஞ்சு அடிக்க முடியல. அதுவும் சேர்ந்துதான் தேஞ்சிருச்சு.''

முட்டி வலியா? ஆறு மாதமாக போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் ''சாப்பிட்டீங்களாப்பா?'' என்பதைத் தாண்டிக் கேட்டதில்லை.

மறுநாள் அவரை எலும்பு டாக்டரிடம் அழைத்துப்போனேன். கிரீஸ் அடிக்க, பக்கத்துத் தோட்டத்துத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். முதலில் நிப்பிளைத் துடை, நேராக மாட்டு, அழுத்தத்தை இறக்கிவிட்டு எடு.

இப்போது ஞாயிறுதோறும் போனில் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். முட்டி எப்படி இருக்கிறது? நிப்பிள் எப்படி இருக்கிறது?