சலவைக் கல்லும் சலவை இயந்திரமும்

ஒரு வீட்டு மொட்டை மாடியின் கொடியைப் பார்த்தால், அவ்வீட்டில் எத்தனை பேர் வாழ்கின்றனர், கைக்குழந்தை உண்டா, படுக்கையில் கிடக்கும் முதியவர் உண்டா என்பதையெல்லாம் சொல்லிவிடலாம். எங்கள் உம்மா வீட்டுக் கொடி எந்நாளும் நிறைந்தே இருக்கும். பெண்மக்கள் மணமான பின்னும் தாய்வீட்டிலேயே வாழும் வழக்கமுடைய ஊர் காயல்பட்டினம். அவ்வழக்கப்படி உம்மா, இரு ராத்தாமார், ஒரு தங்கை, அவர்களுடைய கணவன்மார், பிள்ளைகள் என 14 பேர் அங்கு வாழ்கின்றனர். ஆண்மக்களாகிய நாங்களோ மணமுடித்து மனைவியர் வீடு சென்றவர்கள். நாள்தோறும் உம்மாவைப் பார்க்க வருவோம், தேநீர் அருந்துவோம், வீட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்போம், போய்விடுவோம்.

கிணற்றடியில் ஒரு சலவைக் கல் உண்டு. நெடுங்காலம் ஓர் அம்மையார் நாள்தோறும் வந்து அக்கல்லில் துவைத்துக் கொடுத்தார். முதுமையால் அவர் வர இயலாமற் போனபோது, 2012ஆம் ஆண்டில் நாங்கள் கூடிப் பேசி, தூத்துக்குடிக்குச் சென்று, கடையில் இருந்தவற்றுள் மிகப் பெரிய செமி ஆட்டோமேட்டிக் இயந்திரம் ஒன்றை வாங்கி வந்தோம். வீட்டுப் பெண்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மகிழ்ச்சியூட்டவேண்டும் என்பது எங்கள் எண்ணம். அவர்களும் மகிழ்ந்தனர். துணி துவைக்கும் துன்பம் அவ்வீட்டை விட்டு நீங்கியது என்று 11 ஆண்டுகள் நாங்கள் நம்பியிருந்தோம்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் எங்கள் பகுதியில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. மின்சாரம் நின்றது. தண்ணீர் வடிந்த பின்னும் உம்மாவுக்குத் துணையாகச் சில நாள் அவ்வீட்டிலேயே தங்கினோம். உம்மா அப்போது படுத்த படுக்கையாக இருந்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை விரிப்பு மாற்றவேண்டும். வெயில் இல்லை, காற்றிலும் ஈரம். மின்சாரம் திரும்பிய பின்னரும் துவைத்த விரிப்புகள் இரண்டு நாளாகியும் காயவில்லை. ஓரிரவு, தொட்டால் சில்லென்றிருந்த விரிப்பின்மேல் உம்மாவைப் படுக்கவைக்க நேர்ந்தது. முதுகில் புண் வந்துவிடுமோ என்று அஞ்சி அன்றிரவு எவரும் உறங்கவில்லை.

மறுநாள் காலையில்தான், அவ்வீட்டில் துணி துவைக்கும் முறையை நாங்கள் முதன்முறையாக முழுமையாகப் பார்த்தோம். பஜ்ருத் தொழுகை முடிந்ததும் தொடங்கிய வேலை லுஹர் வரை நீண்டது. இயந்திரம் சோப்புத் தண்ணீரில் துணியைச் சுழற்றியது, அவ்வளவே. ஈரத்தால் கனத்த விரிப்புகளை மூத்த ராத்தா இரு கைகளாலும் தூக்கிக் கல்லுக்குக் கொண்டுசென்றார்கள். வாளி வாளியாக நீர் இறைத்து அலசினார்கள். பிழியும் தொட்டியில் துவைக்கும் தொட்டியின் அளவு கொள்ளாதாகையால் கூறு கூறாகப் பிரித்துப் போட்டார்கள். பின்பு மாடிக்குச் சுமந்தார்கள். இரு மணிக்கட்டுகளிலும் துணி சுற்றியிருந்தது.

“மிஷின் இருக்கும்போது ஏன் ராத்தா கையால அலசுறீங்க?” என்று கேட்டோம்.

“மிஷின் அழுக்கத்தானே எடுக்குது தம்பி. தூக்குறதும் அலசுறதும் நாங்கதான். வாங்குன நாள்லேருந்து இப்படித்தான். நீங்க கேக்கல, நாங்களும் சொல்லல” என்றார்கள். குறை கூறும் தொனி அச்சொற்களில் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அடுத்த இயந்திரத்தை வாங்க முடிவு செய்தபோது, கடைக்குச் செல்லுமுன் ராத்தாமாரிடமும் தங்கையிடமும் உட்கார்ந்து பேசினோம். ஒரு வாரம் அன்றாட அழுக்குத் துணியை உலர்ந்த நிலையில் தராசில் நிறுத்தோம். இயந்திரத்தின்மேல் எழுதியுள்ள கிலோ என்பது உலர்ந்த துணியின் எடை என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். சாதாரண நாளில் 9 கிலோ. வியாழன், வெள்ளியில் 13 கிலோ. 13 கிலோ கொள்ளும் ஒன்றை வாங்கலாமே என்றோம். இளைய ராத்தா மறுத்தார்கள்: “ஒண்ணு கெட்டுப்போனா அன்னைக்கு வீடே நின்னுடும். நடுத்தரமா ஒண்ணு வாங்குங்க, பழசையும் வச்சுக்குவோம்.” பெரிய குடும்பத்திற்கு நம்பகம் என்பது பெரிய இயந்திரம் அன்று, மாற்று வழி இருப்பதே என்பதை அவர்கள் எளிதாக உணர்ந்திருந்தார்கள்.

அடுத்தது தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தரவிதி, நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாதபோது 600 வரை பொறுக்கலாம் என்றும் கூறுகிறது. எங்கள் கிணற்று நீர் அவ்வெல்லையையும் கடந்திருந்தது. இத்தகைய நீரில் சோப்பு நுரைக்காது. சூடேற்றும் கம்பியில் உப்பு படிந்து, நாளடைவில் கம்பியே பழுதாகும். எனவே இயந்திரத்திற்குக் குழாய்த் தண்ணீரை மட்டும் தனித் தொட்டியில் சேர்த்து விடுவதென்றும், மாதம் ஒருமுறை உப்பு நீக்கும் தூளிட்டு வெறுமனே ஓட விடுவதென்றும் ஏற்பாடு செய்தோம். முன்புறம் திறக்கும் வகை, மேலே திறக்கும் வகையைவிடக் குறைந்த நீரையே கொள்ளும் என்பதால் அதனையே தேர்ந்தோம். அதில் நுரை குறைந்த சலவைத் தூளையே இடவேண்டும். உடன் வரும் பாதுகாப்புப் போல்ட்டுகளைக் கழற்றிய பின்னரே ஓட்டவேண்டும்.

மூன்றாவதாக, பழுதுபார்ப்பு. விளம்பரத்தைக் காட்டிலும் ஊரில் உள்ள மெக்கானிக்கின் சொல்லுக்கே மதிப்பளித்தோம். எந்த நிறுவனத்தின் உதிரிப்பாகம் இரண்டு நாளில் கிடைக்கும் என்று அவரிடம் கேட்டோம். சிலவற்றில் உள்தொட்டியைச் சுற்றியுள்ள கூடு ஒட்டி மூடப்பட்டிருக்கும். பேரிங் தேய்ந்தால் அதை மட்டும் மாற்ற இயலாது, தொட்டி முழுவதையும் மாற்றவேண்டும் என்றார். கூட்டைக் கழற்ற இயலும் ஒன்றையே வாங்கினோம். அளவுக்கு மீறித் திணிப்பதுதான் பேரிங்கை முதலில் கெடுக்கும் என்று அவர் எச்சரித்ததையும் மறக்கவில்லை.

இறுதியாக, உலர்த்தும் இயந்திரம். செமி ஆட்டோமேட்டிக்கில் உள்ள பிழியும் தொட்டியையே நம் மக்கள் ‘டிரையர்’ என்பர். அது நீரைப் பிழியுமேயன்றி உலர்த்தாது. வெப்பக் காற்றால் உலர்த்துவது வேறு. துவைப்பதும் உலர்த்துவதும் ஒன்றாக அமைந்த இயந்திரமும் உண்டு. ஆனால் துவைக்கும் அளவைவிட உலர்த்தும் அளவு அதில் குறைவு. உலர்த்தும் நேரமெல்லாம் துவைப்பும் நின்றிருக்கும். 14 பேர் வாழும் வீட்டுக்கு அது பொருந்தாது. எனவே தனியாக, வெப்பப் பம்பு வகையில் ஒன்று வாங்கினோம். விலை மிகுதி; சகோதரர்கள் பங்கிட்டுக் கொடுத்தோம். மற்ற வகைகளைவிட மின்செலவு மிகக் குறைவு. வெப்பம் மிதமாதலால் துணியும் நைவதில்லை. நேரம் மட்டும் சற்றுக் கூடும். ஒவ்வொரு முறையும் பஞ்சு வடிகட்டியைத் துடைக்காவிடில் தீப்பிடிக்கவும் கூடும். மின்சாரம் இல்லாத நாளில் அதுவும் வெறும் பெட்டியே. வெயிலுள்ள மாதங்களில் அதைத் தொடுவதில்லை. இறைவன் தந்த வெயிலுக்குக் கட்டணம் இல்லை. மழை மாதங்களில் உம்மாவின் விரிப்புக்கும் குழந்தைத் துணிக்குமே அது முதலில் ஓடுகிறது.

உம்மாவுக்கு ஓர் ஐயம் எஞ்சியிருந்தது. நஜீஸ் பட்ட துணி மற்றத் துணியோடு ஒன்றாகச் சுழன்றால் தொழுகைக்கு உடுத்தலாகுமா என்று கேட்டார்கள். அத்தகைய துணியைக் கிணற்றடிக் கல்லில் நீர் ஊற்றி நன்கு அலசிய பின்னரே இயந்திரத்தில் இடுவது என்று ராத்தா சொன்னபோது உம்மாவின் மனம் அமைதியுற்றது. ஆகவே அந்தக் கல் இன்றும் வேலையின்றிப் போகவில்லை.

இப்போது வடிகட்டியைத் துடைப்பதும், துணியை மாடிக்குச் சுமப்பதும் வீட்டு இளைஞர்களின் கடமை. காலை எட்டு மணிக்கெல்லாம் மூத்த ராத்தா உம்மாவின் அருகே அமர்ந்து தலை வாரிவிடுவதைக் காண்கிறோம். அவர்களுடைய மணிக்கட்டு வலி முற்றும் தீரவில்லை. 11 ஆண்டுகளின் வலி அது.

சலவை இயந்திரம் வாங்க எண்ணும் குடும்பத்தாருக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே: கடைக்காரரிடம் விலை கேட்குமுன், உங்கள் வீட்டில் துவைப்பவர் யாரென்று பாருங்கள். ஒரு நாள் காலை முழுவதும் அவர் அருகே நில்லுங்கள். பிறகு அவரையும் அழைத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.