ஞாயிற்றுக்கிழமை வாறன், அப்பு

என் இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரையின் 47ஆம் பக்கத்தில் ஒரு முதியவர் பேசுகிறார். தகவலாளர் 4, ஆண், வயது 78, கொழும்புத்துறை. பூநகரியிலிருந்து வள்ளத்தில் வரும் மொட்டைக்கறுப்பன் நெல்லில் முதல் மூட்டையை யோகர் சுவாமியின் கொட்டிலடியில் இறக்கிவிட்டுத்தான் மற்றதைத் தொடுவோம் என்கிறார். கடல் எங்களுக்குத் தாய் என்கிறார். நிலவு வெளிச்சத்தில் பாய் இழுத்த கதை ஒன்றும் சொல்கிறார். இவற்றில் எதையும் அவர் சொல்லவில்லை. 2014 இல் ஒரு கிழமை இரவிரவாக இருந்து, பிளேன்ரீ குடித்துக் குடித்து, பாமினி எழுத்துருவில் நான் அடித்தவை.

ஆள் மட்டும் பொய்யில்லை. எங்கள் படலையிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி இருந்தார். வள்ளக்கார அப்பு என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நடந்து போனால் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை நான் ஏன் நடக்கவில்லை என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

நான் ஏஎல் சோதனை மூன்று தரம் எடுத்தவன். முதல் இரண்டு தரமும் பயோ. சண்டையால் ஏ9 பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. மண்ணெண்ணெய்க்கும் சீனிக்கும் வரிசையில் நின்றுகொண்டு படித்தேன் என்று இப்போது சொன்னால் கேட்பவர்கள் இரங்குவார்கள். உண்மை அதுவல்ல. எனக்கு இரசாயனம் ஓடவில்லை. அதே வரிசையில் நின்ற என் வகுப்புப் பெடியள் மூன்று பேர் மருத்துவத்துக்குப் போனார்கள். 2009 இல், சட்டப்படி எஞ்சியிருந்த கடைசித் தரம், கலைப்பிரிவுக்கு மாறித் தமிழும் இந்து நாகரிகமும் புவியியலும் எடுத்தேன். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை என் புள்ளி தாண்டியது.

"கம்பஸ் கிடைச்சிட்டுது" என்று அம்மா கனடாவுக்குச் சொன்னா. "என்ன பிரிவு?" என்று மாமி கேட்கவும் லைன் வெட்டுப்பட்டது. அந்தக் காலத்து லைன் தானாகவும் வெட்டுப்படும். அன்றைக்கு வெட்டியது அம்மாவின் விரல் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலைப் பற்றிக் கதைக்காத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. 1970களில் மருத்துவமும் பொறியியலும் கைநழுவிப்போன கதையாகத்தான் அதைச் சொல்வார்கள். கலைப்பீடத்து இடம் பறிபோனதென்று அழுத ஒரு தகப்பனைப் பற்றி நான் கேள்விப்பட்டதேயில்லை. "ஆட்ஸா?" என்று கேட்கும்போது முதல் எழுத்து கொஞ்சம் நீளும். அந்த நீளத்துக்குள் கேட்பவரின் இரக்கம், தன் பிள்ளையை நினைத்த நிம்மதி, எனக்கு வரக்கூடிய சீதனத்தின் மதிப்பீடு எல்லாம் இருக்கும். முதல் வருடத்திலேயே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பஸ்ஸில், கலியாண வீட்டில், தலைமயிர் வெட்டும் இடத்தில், கேட்டவர்களுக்கெல்லாம் "மனேச்மென்ற்" என்றேன். அதற்கு மேல் எவரும் கேட்கமாட்டார்கள். சலூன்காரர் மட்டும் ஒருநாள் தான் எடுத்த கடனுக்கு வட்டி சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துத் தரும்படி துண்டை நீட்டிவிட்டார். வாங்கிக்கொண்டு போய் முகாமைத்துவத்தில் படித்த ஒரு நண்பனிடம் கொடுத்துக் கணக்கைச் செய்வித்து, மறுநாள் என் கணக்காகத் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு ஆறு மாதம் நல்லூரடியில்தான் தலைமயிர் வெட்டினேன்.

வள்ளக்கார அப்புவும் ஒருநாள் கடையடியில் கேட்டார்.

"கம்பஸிலை என்ன மோனை படிக்கிறாய்?"

"மனேச்மென்ற், அப்பு."

"அதெண்டால்?"

"கொம்பனி நடத்துறது."

"நல்லது, நல்லது" என்றார். அவருடைய முகத்தில் உண்மையான சந்தோசம் இருந்தது.

கம்பஸில் நான் படிக்கவேயில்லை என்று சொன்னால் அதுவும் பொய். எனக்கு வாய்த்த விரிவுரையாளர்கள் நல்லவர்கள். கதைக்கத் தெரிந்தவர்கள். ஆனால் சோதனைக்கு நான் படித்தது சீனியர் ஒருவரின் நோட்ஸ். அவருக்கு அது அவருடைய சீனியரிடமிருந்து வந்தது. போட்டோக் கொப்பிக்குப் போட்டோக் கொப்பியாகி, சில இடங்களில் எழுத்து மறைந்து, மறைந்த இடத்தில் யாரோ பென்சிலால் ஊகித்து நிரப்பி வைத்திருந்தார்கள். ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பாடபேதம் பற்றி ஒரு பாடம் எங்களுக்கு இருந்தது. அதற்கு உதாரணம் என் மேசையிலேயே கிடந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த நோட்ஸில் ஒரு பந்தி எனக்கு நித்திரையிலும் பாடம். 1974 இல் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக வந்தவர் க. கைலாசபதி. அவரும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சன் என்ற கிரேக்க மொழிப் பேராசிரியரிடம் ஆய்வு செய்தவர்கள். தொம்சன் 1923 இல், இளைஞனாக, அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருந்த பெரிய பிளாஸ்கெற் தீவுக்குப் போனார். அங்கே மீன்பிடித்தும் ஆடு வளர்த்தும் சீவித்த சனங்களோடு இருந்து அவர்களுடைய மொழியைப் பழகினார். அந்த ஏழைச் சனங்களின் வாய்ப்பேச்சில் கவிதை நடமாடுவதைக் கண்ட பிறகுதான் ஹோமர் தனக்கு விளங்கினார் என்பது அவருடைய எண்ணம். தீவுப் பெடியன் ஒருவனைத் தன் கதையை எழுதும்படி தூண்டினார். 1933 இல் அது புத்தகமாக வந்தது. இருபது வருடம் கழித்து, 1953 இல், தீவில் எஞ்சியிருந்தவர்களை அரசாங்கம் வெளியேற்றியது. தீவு வெறுமையானது, புத்தகம் நின்றது. தொம்சனிடம் போன கைலாசபதி, சங்கப் பாட்டுக்களைப் பாணர் வாய்மொழியாகப் பாடிய மரபாக வைத்துப் பார்த்தார். அந்த ஆய்வு 1968 இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது.

சோதனையில் இதைப் பற்றி வந்த கேள்விக்கு நான் நல்ல மறுமொழி எழுதினேன். பிளாஸ்கெற் தீவைக் கண்முன்னே கொண்டுவந்தேன்.

இறுதியாண்டில் என்னை மேற்பார்வை செய்தவர் கேட்டார்: "நீர் கொழும்புத்துறையோ? அங்கையிருந்து பூநகரிக்கு வள்ளம் ஓடினதெல்லோ. அந்த ஆக்கள் இன்னும் இருப்பினம். போய்க் கேட்டு எழுதும்." தலைப்பு அப்படித்தான் வந்தது. எங்கள் இறங்குதுறைக்கு எதிரே, பரவைக் கடலுக்கு அப்பால், தெளிந்த நாளில் பூநகரிக் கரை ஒரு கோடாகத் தெரியும். ஆனையிறவைச் சுற்றித் தரையால் போவதென்றால் ஒரு பகல் அலைச்சல். கடலால் போனால் காற்றைப் பொறுத்தது. நெல்லும் விறகும் வைக்கலும் இந்தப் பக்கம் வந்தன. சண்டை தொடங்கிய பிறகு இந்தக் கடல் முழுவதும் பயத்தின் கடலாயிற்று. 1990களில் ஆனையிறவுப் பாதை அடைபட்டுக் கிடக்க, சனங்கள் கிளாலியால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபோது பூநகரி பஸ்ஸில் போகிற இடமாகிவிட்டது. வள்ளத்தை நினைவு வைத்திருந்தவர்கள் அப்போதே எழுபதைத் தாண்டியவர்கள். இப்படியொரு தலைப்பு வேறு ஆருக்குக் கிடைக்கும்?

அப்புவைச் சந்தியில் மறித்தேன். வள்ளம் ஓடின காலத்தைப் பற்றிக் கேட்கவேண்டும் என்றேன்.

"கொம்பனி நடத்துறவைக்கு உது என்னத்துக்கு மோனை?"

"ஒரு அசைன்மென்ற், அப்பு."

அவர் நின்றபடியே சொல்லத் தொடங்கிவிட்டார். ஆக்களை ஏற்றியதில் என்ன காசு, வைக்கலில்தான் காசு என்றார். இன்னொன்றும் சொல்லிச் சிரித்தார். "எனக்கு நீந்தத் தெரியாது, தெரியுமோ? இண்டைக்கும் தெரியாது." எனக்கு நேரமாகிறது, ஆறுதலாக வருகிறேன் என்றேன். எப்போது என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வாறன், அப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். நடந்து போகிற தூரத்துக்குச் சைக்கிளை எடுத்தபோதே என் மனதில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒழுங்கையால் திரும்பும்போது கண்டேன். படலை திறந்திருந்தது. வேப்பமரத்தடியில் கதிரைகள் போடப்பட்டிருந்தன. அப்பு வெள்ளைச் சேட் போட்டிருந்தார். வீட்டில் சேட் போடாத மனிதர். பக்கத்தில் வேறு இரண்டு கிழவர்கள். தன்னைவிடக் கூடத் தெரிந்தவர்களையும் கூப்பிட்டு வைத்திருக்கிறார். அவர்களில் ஒருவருடைய பேரன் என்னோடு பயோ படித்து மருத்துவத்துக்குப் போனவன். நான் கொப்பியும் பேனையுமாகப் போய் இருந்து "அந்தக் காலத்திலை எப்பிடி?" என்று தொடங்கினால் முதல் கேள்வி அவர்களிடமிருந்துதான் வரும். மனேச்மென்ற் என்றாய், உதென்ன?

நான் பிறேக் பிடிக்கவில்லை. குனிந்தபடி மிதித்துப் பாசையூர்ப் பக்கம் போய், அந்தோனியார் கோவிலடியில் ஒரு மணித்தியாலம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பும்போது வேறு ஒழுங்கையால் வந்தேன்.

அடுத்த கிழமை போகலாம் என்று நினைத்தேன். அதற்கடுத்த கிழமையும் அப்படித்தான் நினைத்தேன். சமர்ப்பிக்கும் நாள் நெருங்க, தகவலாளர் 4 பேசத் தொடங்கினார். நன்றாகப் பேசினார். நான் எதிர்பார்த்ததை, எதிர்பார்த்த இடத்தில். என் வரைவில் பயணிகள் போக்குவரத்துக்கு ஒரு முழு அத்தியாயம் இருந்ததால் வைக்கலை விட்டுவிட்டேன். கடலைத் தாய் என்று சொல்பவர் நீந்தத் தெரியாதவராக இருப்பது வடிவாக இல்லை. அதையும் விட்டேன். அவர் தன் வாயால் சொன்ன இரண்டே இரண்டு விசயங்கள் அவை. யோகர் சுவாமியைக் கொண்டுவந்தது வேறு காரணத்துக்காக. சுவாமி எங்கள் ஊர் இலுப்பை மரத்தடியில் இருந்தவர், பிறகு கொட்டிலில் வாழ்ந்தவர், 1964 இல் சமாதியானவர். கொழும்புத்துறை என்று எழுதிவிட்டு அவரைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு நிறையாது என்று எனக்குப் பட்டது. நெல் மூட்டை அப்படித்தான் அங்கே இறங்கியது. உண்மையிலேயே அப்படி இறங்கியிருக்கவும் கூடும். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"பதிவு செய்தனீரோ?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். போன் தண்ணீரில் விழுந்து பழுதாய்ப் போச்சு, சேர் என்றேன். அவர் என்னை நம்பினார். மாணவனை நம்பியது அவருடைய பிழையென்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். கட்டுரை கறுப்பு மட்டையில் பொன்னெழுத்தோடு கட்டப்பட்டது. நன்றியுரையில் அப்புவுக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வருடம் மாசியில் அவர் செத்துப்போனார். முப்பத்தொண்டுக்குப் போனபோது அவருடைய மகள் சாப்பாடு பரிமாறிக்கொண்டே சொன்னா: "தம்பி, நீர் வருவீர் எண்டு அண்டைக்கு அப்பு கதிரையெல்லாம் துடைச்சுப் போட்டவர். பிறகும் ரெண்டு தரம் கேட்டவர், கம்பஸ் தம்பி வரேல்லையோ எண்டு." குறையாகச் சொல்லவில்லை. அப்புவைப் பற்றிச் சொல்ல அவவுக்கு அன்று நிறைய இருந்தது, அதில் இதுவும் ஒன்று. நான் பாயாசத்துக்கு இலையை ஒதுக்கிக் கொடுத்தேன்.

பட்டத்துக்குப் பின் நடந்தது கலைப்பட்டதாரி எல்லாருக்கும் நடப்பதுதான். ரியூசன் கொடுத்தேன். 2017 இல் கச்சேரியடியில் வேலை கேட்டுப் போராட்டத்தில் இருந்தவர்களோடு நானும் இருந்தேன். 2020 இல் அரசாங்கம் பட்டதாரிகளை எடுத்தபோது மாதம் 20,000 ரூபா படியில் பயிலுநராகி, பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தரானேன். இப்போது என்ன படித்தனீர் என்று கேட்டால் ஆட்ஸ் என்று உடனே சொல்கிறேன். வேலை கிடைத்த பிறகு வந்த துணிவு அது. அதற்கு மதிப்பில்லை.

போன ஆனி மாதம் ஒரு பிள்ளை என் மேசைக்கு வந்தது. கலைப்பீடம், இறுதியாண்டு. என் கட்டுரையைப் படித்திருக்கிறது, 47ஆம் பக்கத்தைப் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. சுவாமிக்குப் போன நெல் மூட்டைதான் தன் ஆய்வின் மையம் என்றது. "சேர், இந்தத் தகவலாளர் 4 இன் வீடு எங்கை?"

"அவர் இப்ப இல்லை, தங்கச்சி." அதுவரையில் நான் பொய் சொல்லவில்லை.

"ஐயோ" என்றது. உண்மையாகவே முகம் வாடியது. பிறகு பேனையை எடுத்துக்கொண்டு, "நீங்கள் நேரே கண்டு கதைச்சனீங்கள்தானே சேர், அவர் எப்பிடிக் கதைப்பார்?" என்று கேட்டது.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அலுவலகத்தில் சனமும் இல்லை, மத்தியான நேரம். நான் கதிரையில் சாய்ந்துகொண்டு, மெல்லக் கதைப்பார் என்றேன். நிறுத்தி நிறுத்திக் கதைப்பார் என்றேன். சுவாமியின் பெயரைச் சொல்லும்போது கையெடுத்துக் கும்பிடுவார் என்றேன். பிள்ளை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது. வேகமாக, கவனமாக, நான் ஒருநாளும் எழுதாத மாதிரி.

போகும்போது ஒரு துண்டில் தன் தொலைபேசி இலக்கத்தை எழுதித் தந்தது, வேறு ஏதும் ஞாபகம் வந்தால் சொல்லச்சொல்லி. துண்டு மேசை லாச்சிக்குள் இருக்கிறது. பிள்ளை தன் கட்டுரையைக் கார்த்திகையில் சமர்ப்பிக்கவேண்டுமாம். இன்று புரட்டாதி பன்னிரண்டு.