சுற்றியுள்ள துணிதான் தாங்கும்

குன்னூரில் கார்த்திகை பிறந்ததும் அலமாரியின் மேல்தட்டில் கிடந்த ஸ்வெட்டர்கள் கீழே இறங்கும். அடுத்த வாரமே என் வீட்டு வாசலில் ஆட்கள் நிற்பார்கள். கொண்டுவந்ததை விரித்து, ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டுவார்கள். விரல் நுழைகிற அளவுதான் சேதம் என்பது அவர்கள் கணக்கு. நான் ஓட்டையைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டையைச் சுற்றி எவ்வளவு தூரம் மெலிந்திருக்கிறது என்று பார்ப்பேன். என் வேலை தொடங்குவது அந்த மெலிவு முடிகிற இடத்தில்.

என் கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு மரவட்டு, அதன் விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம். மேலே வைக்க, வரிசையாகக் கம்பிக் கொக்கிகள் கொண்ட சிறு சட்டம். வட்டைத் துணிக்கு அடியில் வைத்து, பள்ளத்தில் ரப்பர் பேண்டைப் போட்டால் துணி அசையாமல் நிற்கும். இது தறியேதான். பாவு உண்டு, ஊடை உண்டு, பாவிழைகளைப் பிரித்துத் தூக்கும் ஏற்பாடும் உண்டு. கடந்த நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ‘ஸ்பீட்வீவ்’ என்ற பெயரில் இது விற்பனைக்கு வந்தபோது, ‘லங்காஷயரின் மிகச்சிறிய தறி’ என்றே பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். பருத்தி ஆலைகளுக்குப் பேர்போன ஊர்ப்பக்கம் அது. போர்க்காலத்தில் தொடங்கி, 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை, அந்த நாட்டில் துணிக்கும் ரேஷன் இருந்தது. இருக்கும் துணியைப் பழுதுபார்த்து உடுத்துவது எப்படி என்று 1943இல் அரசே கையேடு போட்டது. இன்று பலரும் இந்தத் தறியைப் போலவே செய்து விற்கிறார்கள். என்னிடம் இருப்பதும் அப்படி ஒன்றுதான்; 14 கொக்கிகள்.

வேலை இப்படி நடக்கும். ஓட்டையின் கீழ்விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே, நல்ல துணியில் ஊசியைக் குத்தி எடுப்பேன். நூலை மேலே கொண்டுபோய் முதல் கொக்கியில் மாட்டி, திரும்பக் கீழே வந்து, பக்கத்துக் கண்ணியில் ஒரு குத்து. மறுபடி மேலே, அடுத்த கொக்கி. இப்படி ஓட்டையைத் தாண்டி இருபுறமும் நல்ல துணி வரை பாவு விரியும். கொக்கிகளை விரலால் ஒரு பக்கம் தள்ளினால் ஒன்றுவிட்டு ஒன்றாக இழைகள் மேலே எழும். அந்த இடைவெளியில் ஊசி நுழைந்து மறுபுறம் வரும். அங்கே துணியின் ஒரு கண்ணியைப் பிடித்து, கொக்கிகளை எதிர்ப்பக்கம் தள்ளினால் கீழே கிடந்த இழைகள் மேலே வரும். ஊசி திரும்பும். ஒவ்வொரு வரிசையையும் ஊசிமுனையால் கீழே அமர்த்த வேண்டும். மேல்முனையை எட்டியதும் கொக்கியிலிருந்து வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியோடு தைத்துவிட்டால் தறி கையோடு வந்துவிடும். ஐந்து ரூபாய் நாணயம் அளவு ஓட்டைக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது.

செய்முறை ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். பின்னலாடையின் குணம் பிடிபட எனக்கு இரண்டு வருடம் ஆனது. வேட்டியும் புடவையும் நெய்த துணி. குறுக்கும் நெடுக்குமாக இழைகள் நேராக ஓடுகின்றன. ஸ்வெட்டரோ, திருப்பூர் பனியனோ அப்படி இல்லை. ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி நுழைந்து, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. அதனால்தான் ஒரு கண்ணி அறுந்தால் ஏணிப்படிபோல் கீழே கீழே அவிழ்ந்து போகிறது. சிறு தறியில் நான் போடுவது நெய்த துண்டு. நீளாத ஒன்றை நீள்கிற ஒன்றுக்குள் வைக்கிறேன். இரண்டும் ஒத்துப்போக வேண்டுமானால் விட்டுக்கொடுக்க வேண்டியது என் நூல்.

ஆரம்பத்தில் இது எனக்குத் தெரியவில்லை. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் ஸ்வெட்டரை வட்டின் மேல் முரசுத் தோல்போல் இழுத்துக் கட்டி, இறுக்கமாக நெய்தேன். ரப்பர் பேண்டைக் கழற்றியதும் சுற்றியிருந்த துணி சுருங்கியது. என் நெசவு சுருங்கவில்லை, கொப்புளம்போல் மேலே எழுந்து நின்றது. போதாததற்கு, கம்பளியில் கெட்டியான பாலியஸ்டர் நூலைப் போட்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளையின் அம்மா அதே ஸ்வெட்டரைக் கொண்டுவந்தார். என் நெசவு அப்படியே இருந்தது. அதன் ஓரம் முழுக்க அறுந்திருந்தது. வலுவான நூல் மெலிந்த கம்பளியை அறுத்துவிட்டது. நான் வெட்கத்தோடு காசைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து துணியை வட்டின் மேல் சும்மா படுக்க வைக்கிறேன், இழுப்பதில்லை. கம்பளிக்குக் கம்பளி, பருத்திக்குப் பருத்தி. துணியின் இழையைவிட ஒரு துளி மெல்லிய நூல். அறுந்தால் என் நூல் அறுந்துவிட்டுப் போகட்டும், துணி பிழைக்க வேண்டும்.

எல்லா இடத்துக்கும் தறி ஆகாது. மணிக்கட்டிலும் இடுப்பிலும் உள்ள பட்டை நீண்டு சுருங்குவதற்காகவே பின்னப்பட்டது; அங்கே நெசவு வைத்தால் கை நுழையாது. ஏணியாக அவிழ்ந்திருந்தால் குரோஷா ஊசியால் கண்ணிகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றிவிட்டாலே போதும். மெலிந்து, இன்னும் அறுபடாமல் இருக்கும் முழங்கைக்கு, கண்ணி போகும் தடத்திலேயே புது நூலை ஓட்டுவதுதான் மருந்து.

எதற்கும் முன்னால் துவைத்தாக வேண்டும். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று பெரியவர்கள் சொன்னது இந்தத் தொழிலுக்கும் பொருந்தும். கம்பளியைத் தின்பது பறக்கிற அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. வியர்வையும் உணவுக்கறையும் பட்ட இடம் அதற்கு இன்னும் பிடிக்கும். அழுக்கோடு நெய்து மூடினால் முட்டைகளையும் சேர்த்து மூடியதாகும். வெதுவெதுப்பான நீரில் அலசி, முறுக்காமல் ஒற்றி, தட்டையாக உலர்த்திய பிறகே ஊசி எடுக்கிறேன்.

உத்தரப் பிரதேசத்தின் நஜிபாபாத் ரஃபூகர்கள் காஷ்மீர்ச் சால்வையில் பழுது இருந்த இடமே தெரியாமல் இழையோட்டுவார்கள். அது தலைமுறைகளின் கைத்திறன். என் வேலை கண்ணுக்குத் தெரியும். தெரியட்டும் என்றே விடுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் ஒருவர் சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு முழங்கையும் போயிருந்தது. “அக்கா, அப்பா போட்டிருந்தது. புதுசு மாதிரி வேண்டாம். இன்னும் கிழியாம இருந்தா போதும்” என்றார். மூன்று நாள் எடுத்துக்கொண்டு, பழுப்பு நூலில் நெய்து கொடுத்தேன். போன குளிரில் அதைப் போட்டுக்கொண்டே வந்தார். முழங்கைகள் அப்படியே இருந்தன. அவை நின்றதற்குக் காரணம் என் நெசவின் உறுதி அல்ல. அதைச் சுற்றி அந்த ஸ்வெட்டரில் இன்னும் உயிர் இருந்ததுதான்.

ஆகவே ஓட்டை விழும்வரை காத்திருக்காதீர்கள். இன்று இரவே உங்கள் ஸ்வெட்டரின் முழங்கையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் சல்லடையில் வருவதுபோல் வந்தால், ஊசியும் நூலும் எடுக்க வேண்டிய நேரம் அதுதான்.