தண்ணீரில் மிதக்கும் ஆறு சக்கரம்

ஆறு சக்கரத்தில் ஓடும். தண்ணீரில் இறக்கினால் மிதக்கும். ஆனால் முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கிராமப்புறம் போனால் இப்படி ஒரு வண்டியைப் பார்க்கலாம். குளியல் தொட்டிக்குச் சக்கரம் மாட்டினதுபோல இருக்கும். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் இங்கே பலர் ‘ஆர்கோ’ என்றே சொல்வார்கள். நம் ஊரில் வனஸ்பதி எல்லாவற்றையும் டால்டா என்றதுபோலத்தான்.

1960-களின் தொடக்கத்தில் ‘ஜிகர்’ என்ற வண்டி கனடாவில் வந்தது. முதல் ஆர்கோ வந்தது 1967-ல். எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் பஃபலோ நகரில் ‘மேக்ஸ்’ என்ற வண்டியைச் செய்தார்கள். ஆர்கோ தயாராகும் நியூ ஹாம்பர்க், நாங்கள் வசிக்கும் கிச்சனருக்குப் பக்கத்து ஊர்தான். ஆனாலும் அப்படி ஒன்றை வாங்குவோம் என்று நான் நினைத்ததே இல்லை. வாங்க வைத்தது அப்பாவின் முழங்கால்.

பாரி சவுண்ட் பக்கம் காட்டுக்குள் நண்பர் ஒருவருக்குச் சின்ன மரவீடு இருக்கிறது. கார் நிற்கும் இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் காட்டுப் பாதை. நடுவில் நீர்நாய் போன்ற பீவர்கள் அணை கட்டி, பள்ளத்தைக் குளமாக்கிவிட்டன. நாங்கள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சுற்றிப் போய்விடுவோம். கும்பகோணம் பக்கத்திலிருந்து ஆறு மாதம் எங்களோடு தங்க வந்த அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது, முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவர். “நீங்க போயிட்டு வாங்கடா, நான் வீட்டுல இருக்கேன்” என்பார். மூன்றாவது முறை அப்படிச் சொன்னபோது என் மகள், “தாத்தா வரலைன்னா நானும் வரலை” என்று உட்கார்ந்துவிட்டாள்.

நான்கு சக்கர ஏ.டி.வி.யில் குதிரைமேல் ஏறுவதுபோலக் காலைத் தூக்கிப் போட்டு உட்கார வேண்டும். அப்பாவால் முடியாது. பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் ஜீப் மாதிரி வண்டிகள் வசதிதான், ஆனால் குளத்தில் மிதக்காது. இதில் பெஞ்சில் உட்காருவதுபோல உட்காரலாம். புதியது கட்டுப்படியாகாது. 7,000 டாலருக்குள் பழையது தேடினோம்.

பழையது வாங்குவதில் அப்பாவுக்கு அனுபவம் உண்டு. வண்டி அல்ல, மாடு. “மாட்டுக்குப் பல்லைப் பாரு, வண்டிக்கு அடிவயித்தைப் பாரு” என்றார். அவரால் குனிய முடியாது. அதனால் பேத்தி செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் தவழ்ந்து வீடியோ எடுத்தாள். அதைப் பெரிது பண்ணிப் பண்ணிப் பார்த்தார் அப்பா.

முதல் வண்டி பளபளவென்று இருந்தது. புது டயர், புது சீட். வீடியோவில் பார்த்தால் அடித்தொட்டியில் ஒரு முழ நீளத்துக்கு ஒட்டுப் போட்டிருந்தது. இந்த வண்டிகளில் பலவற்றின் தொட்டி கெட்டியான பிளாஸ்டிக். கல்லில் மோதிக் கீறினால் ஒட்டலாம். ஒட்டு நிற்கிறதா என்பது தண்ணீரில் இறக்கினால்தான் தெரியும். வடிகால் துளையின் மூடியைத் திறந்தோம். எண்ணெய் மிதந்த பழுப்புத் தண்ணீர் கொட்டியது. ஆறு சக்கரத்துக்கும் விசை போவது தொட்டிக்குள் ஓடும் சங்கிலிகளால். அவை மாதக்கணக்கில் அந்தத் தண்ணீரில் ஊறியிருக்கின்றன. “ஒட்டுப் போட்ட அண்டா. வேண்டாம்” என்றார் அப்பா.

இரண்டாவது வண்டி பார்க்க அசிங்கம். வெயிலில் வெளுத்து, சீட் கிழிந்து கிடந்தது. ஆனால் தொட்டிக்குள் ஈரமே இல்லை. சங்கிலியில் துரு இல்லை, எண்ணெய் இருந்தது. ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி நிறுத்தி ஆட்டினோம். கடகடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம், ஆடவில்லை. என்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். சூடான என்ஜின் யாருக்கும் ஸ்டார்ட் ஆகும். ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் ஆகிறதா என்பதே பரீட்சை. இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. விசையைக் கடத்தும் ரப்பர் பெல்ட்டில் வெடிப்பு இல்லை, கருகிய வாசனையும் இல்லை.

ஓட்டிப் பார்க்கும்போதுதான் அப்பாவின் முகம் மலர்ந்தது. இந்த வண்டி திரும்புவது ஒரு பக்கத்துச் சக்கரங்களை மட்டும் மெதுவாக்குவதால். இடது லீவரை இழுத்தால் இடப்பக்கம் தயங்கும், வலப்பக்கம் ஓடும், வண்டி இடதுபக்கம் திரும்பும். “அட, நம்ம பவர் டில்லர்டா இது!” என்றார். வயலில் அந்தந்தப் பக்கத்துக் கிளட்ச்சைப் பிடித்து டில்லரைத் திருப்பிய கை அது. எட்டுப் போடச் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கை வலிக்க இழுக்க வேண்டியிருந்தால் அந்தப் பக்கத்து பிரேக் தேய்ந்திருக்கலாம்.

கடைசியாக, விற்பவரின் குளத்திலேயே இறக்கினோம். பத்து நிமிடம் மிதக்க விட்டுக் கரையேற்றி மூடியைத் திறந்தால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை.

பணம் கொடுக்கும் முன், வண்டியில் ஒட்டியிருந்த சின்னத் தகட்டை என் மனைவிதான் படித்தாள். தரையில் நான்கு பேர், தண்ணீரில் இரண்டு பேர். ஆறு சக்கர வண்டிகளில் இது சாதாரணம். எல்லோரும் சேர்ந்து குளத்தைக் கடக்க வேண்டுமானால் இன்னும் நீளமான எட்டுச் சக்கர வண்டி வேண்டும். விலையும் அதிகம், குறுகலான காட்டுப் பாதையில் திருப்புவதும் கஷ்டம். “நாலு பேரும் ஒல்லிதானே, ஏறிக்கலாம்” என்றாள் மகள். அப்பா சிரிக்கவில்லை. “கொள்ளிடத்துல ஓடக்காரன் சொன்ன ஆளுக்கு மேல ஒரு ஆள் ஏறினாலும் நான் ஏற மாட்டேன்” என்றார். இந்த வண்டியின் விளிம்பு தண்ணீருக்கு மேலே அதிகம் நிற்காது. பாரம் கூடினாலோ, காற்றில் அலை எழுந்தாலோ தண்ணீர் உள்ளே வந்துவிடும். பேச்சு அதோடு முடிந்தது. ஆறு சக்கரமே போதும், தண்ணீரில் இரண்டிரண்டு பேர்.

பதிவு, நம்பர் பிளேட், இன்ஷூரன்ஸ் எல்லாம் முடித்து, ஆளுக்கொரு ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் வாங்கினோம். காட்டுப் பாதையில் இதில் வேகம் எதிர்பார்க்கக் கூடாது. எங்கள் வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது, டயர்தான் ஸ்பிரிங். கார் டயரில் முப்பது பவுண்டு காற்று என்றால் இதில் ஐந்துக்கும் குறைவு. மெதுவாகப் போனால் கல்லும் வேரும் மெத்தைமேல் போவதுபோல இருக்கும். விரட்டினால் இடுப்பு ஒடியும். சேற்றில் மட்டும் இதற்கு ஈடு இல்லை. மனிதன் புதையும் இடத்தில் இது மேலாகவே போய்விடுகிறது.

பீவர் குளத்தில் தள்ளுவதற்கு விசிறி எதுவும் இல்லை. சுழலும் டயர்களின் பள்ளங்களே துடுப்பு. நடக்கும் வேகத்துக்கும் குறைவுதான். ஓட்டுபவரும் கணக்கில் ஒருவர் என்பதால் மூன்று நடை. முதல் நடை அப்பா. அக்கரையில் இறங்கி, கைத்தடியை ஊன்றி, பீவர் கட்டிய அணையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “எஸ்டிமேட் இல்லை, டெண்டர் இல்லை, என்னமா கட்டியிருக்கு பாரு!”

அப்பா அக்டோபரில் ஊர் திரும்பிவிட்டார். இப்போதும் சனிக்கிழமை காலையில் வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறார். நலம் விசாரிக்கும் முன் வருவது ஒரே கேள்விதான்: “மூடியைப் போட்டியாடா?”

போட்டாயிற்று என்று என் மகள் கேமராவை வண்டிக்கு அடியில் நீட்டிக் காட்டுகிறாள்.