சுவிட்ச் யாருடையது, ஒயர் யாருடையது?

வாடகை நீதிமன்றத்தில் போடும் மனுவில் ‘சுவிட்ச் போர்டு உறுமுகிறது’ என்று எழுதினால் சிரிப்பார்கள் என்றான் என் ஜூனியர். ‘மின்பலகையிலிருந்து அசாதாரண ஒலி எழும்புவதால்’ என்று மாற்றிப் பார்த்தோம். அசரீரி கேட்ட மாதிரி இருந்தது. கடைசியில் மாமி சொன்ன வார்த்தையே மனுவில் ஏறியது: உறுமல்.

மாமி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், பழைய வீடொன்றின் கீழ்ப்பகுதியில் தனியாகக் குடியிருந்தார். வீட்டுக்காரர் அடையாறு காந்தி நகரில். கொரோனா ஓய்ந்து நீதிமன்றங்கள் பழையபடி நடக்க ஆரம்பித்திருந்த சமயம். ரேழியில் மீட்டரை அடுத்து, சுவரில் பதித்த மரப்பெட்டி மேல் ஒரு போர்டு. கீஸரைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஆனால் அது கத்தத் தொடங்கும்.

“சுவத்துக்குள்ள வண்டு புகுந்துண்டாப்பல இருக்கு சார். கையை வச்சா சுடறது. ரெண்டு நாளா மீன் வாசனை வேற. எங்காத்துல மீன் வாசனை வந்தா நான் என்னன்னு நெனைச்சுக்கறது?”

நான் உடனே சொன்னது சட்ட ஆலோசனை இல்லை. “மாமி, ஆத்துக்குப் போனதும் முதல் வேலையா கீஸரை நிறுத்துங்கோ. அடுப்புல வெந்நீர் போட்டுக்கோங்கோ.” மின்சாதனங்களில் இருக்கும் சிலவகை பிளாஸ்டிக்கும் ஒயரின் உறையும் சூடேறிக் கருகும்போது மீன் நாற்றம்தான் அடிக்கும். தீப்பிடிக்கும் முன் கிடைக்கும் கடைசி எச்சரிக்கையாகவும் அது இருக்கலாம்.

என்னிடம் வருமுன் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 எண்ணுக்கு, புகார் கொடுத்திருந்தார். வந்த ஊழியர் ஃப்யூஸ் கட்டை, மீட்டர் இணைப்பு இரண்டையும் பார்த்துவிட்டு, “எங்க பக்கம் சரியா இருக்கும்மா, மீட்டருக்கு அப்புறம் எங்க வேலை இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனார். சரியான பதில்தான். வீட்டுக்காரருக்குச் சொன்னபோது வாட்ஸ்அப்பில் ஒரே வரி வந்தது: சுவிட்ச் ரிப்பேர் டெனன்ட் செலவு, ஆக்ட்டிலேயே இருக்கிறது.

அவர் சொன்னது பொய்யில்லை, வழக்கின் சுவாரசியமே அங்கேதான். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 22.02.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று நீளமான பெயர். இதன் இரண்டாம் அட்டவணை பராமரிப்பு வேலைகளைப் பாகம் பிரிக்கிறது. வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, உள்ளும் புறமுமான மின் ஒயரிங், அதைச் சார்ந்த பராமரிப்பு ஆகியவை வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், கீஸர், சர்க்யூட் பிரேக்கர், சுவிட்ச், சாக்கெட் ரிப்பேர் எல்லாம் வாடகைதாரர் தலையில். சர்க்யூட் பிரேக்கரை வாடகைதாரர் பக்கம் தள்ளியது எனக்கு இன்றும் உடன்பாடில்லை. கட்டடத்தையே காப்பாற்றும் கருவி அது. இருந்தாலும் சட்டம் சட்டம்தான்.

இப்போது சொல்லுங்கள், சுவிட்ச் போர்டு எந்தப் பக்கம்? முன்னால் சுவிட்ச், பின்னால் ஒயர். இரண்டையும் பிடித்திருப்பது ஒரு பித்தளைத் திருகு. சத்தம் வருவது அந்தத் திருகில். வாடகை ஒப்பந்தத்திலோ கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பதைத் தவிர மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

ஜூனியர் உச்சநீதிமன்றத்தின் 2002-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைத் தேடி எடுத்து வந்தான். மத்தியப் பிரதேச மின்வாரியம் எதிர் ஷைல் குமாரி. மழைநீர் தேங்கிய சாலையில் அறுந்து கிடந்த மின்கம்பியை இரவில் சைக்கிளில் வந்தவர் கவனிக்காமல் இறந்துபோன வழக்கு. கம்பி யார் செய்கையால் அறுந்தது என்பது முக்கியமில்லை, கவனக்குறைவை நிரூபிக்கவும் வேண்டாம், ஆபத்தான பொருளைக் கையாளும் வாரியமே பொறுப்பு என்றது நீதிமன்றம். அருமையான தீர்ப்பு, ஆனால் நமக்கு ஆகாது. அது மீட்டருக்கு முந்தைய கம்பியின் கதை. நம் சண்டை மீட்டரைத் தாண்டி ஓரடியில்.

செலவைத் தானே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாமா என்று மாமி கேட்டார். கழிக்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அது யார் செலவு என்பதே தகராறாக இருக்கும்போது கழித்தால், வாடகை பாக்கி என்று சொல்லி வெளியேற்ற மனு வரும். இரண்டு மாத பாக்கியே அதற்குப் போதும். முழு வாடகையையும் வங்கி வழியாகக் கட்டிக்கொண்டே வழக்கை நடத்துங்கள் என்றேன்.

மாமியிடம் இருந்த சாட்சியம் கைபேசியில் பதிந்த சத்தம் மட்டுமே. மின்னணுப் பதிவுக்கு அப்போதைய சாட்சியச் சட்டம் கேட்ட 65பி சான்றிதழ் எங்கே என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்சநீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் பதிவு செய்த கருவியையே அதன் சொந்தக்காரர் கூண்டில் ஏறிக் காட்டினால் சான்றிதழ் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மாமி போனோடு கூண்டில் ஏறினார். உயர்நீதிமன்ற வளாகத்தில் சிறுவழக்கு நீதிமன்றக் கூடம், தலைக்கு மேல் பழைய மின்விசிறி. பதிவை ஓடவிட்டதும் நீதிபதி அண்ணாந்து பார்த்தார். “இது போன் சத்தமா, நம்ம ஃபேன் சத்தமா?” விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டார். நேரில் பார்த்து அறிக்கை தர ஒரு அட்வகேட் கமிஷனரையும், அவருக்கு உதவ உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் ஒருவரையும் நியமித்தார்.

கமிஷனர் முற்பகலில் வந்தார். போர்டு பரம சாதுவாக இருந்தது. “சத்தம் எதுவும் இல்லைன்னு குறிச்சுக்கோங்க சார்” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல், சந்தோஷமாக. கீஸரைப் போட்டால்தானே வரும் என்றேன். வேண்டுமென்றே லோடு ஏற்றுகிறார்கள் என்று ஆட்சேபணை. தினமும் உபயோகிக்கிற ஒரே ஒரு கீஸரை மட்டும் போடலாம் என்று கமிஷனர் முடிவு செய்தார். ஒப்பந்ததாரர் பக்கத்திலேயே நின்றுகொண்டார். மாமி எல்லாருக்கும் காபி கொண்டுவந்தார், வீட்டுக்காரருக்கும் சேர்த்து. டம்ளர்கள் காலியாகிக்கொண்டிருந்தபோது போர்டு பேச ஆரம்பித்தது. முதலில் சன்னமாக, பிறகு விட்டுவிட்டு, கடைசியில் ஒரே இழுப்பாக. கமிஷனர் காதைக் கிட்டக் கொண்டுபோய்விட்டுச் சட்டென்று பின்வாங்கினார்.

ஒப்பந்ததாரர் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் போர்டைக் கழற்றினார். உள்ளே அலுமினிய ஒயர். செம்பு விலை ஏறியிருந்த காலத்தில் நாடெங்கும் பல வீடுகளில் இழுத்த சங்கதி. அலுமினியத்தின் மேல் மின்சாரம் சரியாகப் பாயாத ஆக்ஸைடு படியும். திருகின் அழுத்தத்தில் அலுமினியம் மெல்ல மெல்ல நசுங்கியும் கொடுக்கும், பிடி தளரும். இங்கே திருகு விரலால் திருப்பினாலே சுற்றியது. சுற்றிலும் சாம்பல் நிறப் பொடி. மரப்பெட்டியின் ஓரம் கருகியிருந்தது. இன்னும் உள்ளே, யாரோ ஒரு காலத்தில் அலுமினியத்தோடு செம்பை முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட். டேப் உருகி வழிந்து உறைந்திருந்தது. சுவிட்சைத் தனியாக எடுத்து மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தார். அதில் குறையில்லை.

குறுக்கு விசாரணையில் கீஸர்தான் காரணம் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. 2 கிலோவாட் கீஸர் 230 வோல்ட்டில் இழுப்பது 9 ஆம்பியருக்கும் குறைவு, 16 ஆம்பியர் பாயின்டுக்குப் போட்ட லைன் அதைத் தாங்கியே ஆகவேண்டும் என்றார் ஒப்பந்ததாரர். அவ்வளவு ஆபத்து என்றால் எம்சிபி என்கிற சர்க்யூட் பிரேக்கர் ஏன் விழவில்லை என்று அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. அளவுக்கு மீறி மின்சாரம் போனால்தான் எம்சிபி விழும். லூஸ் கான்டாக்ட்டில் தீப்பொறி பறக்கும்போது மின்சாரத்தின் அளவு ஏறுவதில்லை, கொஞ்சம் குறையக்கூடச் செய்யும். பூமிக்குக் கசிவு இல்லாததால் கசிவைக் கண்காணிக்கும் ஈஎல்சிபிக்கும் தெரியாது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை பொறி அணைந்து மறுபடி பற்றும். நொடிக்கு 100 தடவை. அந்த உறுமல் அதுதான் என்று அவர் சொன்னதை நீதிபதி கையாலேயே எழுதிக்கொண்டார்.

உத்தரவு சுருக்கமானது. சத்தம் சுவிட்சில் கேட்டாலும் பழுது ஒயரிங்கில் இருப்பதால் அது வீட்டுக்காரர் பொறுப்பு. மீட்டரிலிருந்து போர்டு வரைக்கும், அங்கிருந்து கீஸர் பாயின்ட் வரைக்கும் செம்பு ஒயர் மாற்றித் தரவேண்டும். புது சுவிட்ச், சாக்கெட் செலவு மாமியுடையது. சட்டப்படி அதுவும் சரி. யாரும் மேல்முறையீடு போகவில்லை. வேலை முடியும்வரை மாமி அடுப்பிலேயே வெந்நீர் போட்டார்.

மயிலாப்பூர், தி.நகர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போர்டு கத்தினால் மெயினை அணைத்துவிட்டு, உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள். எந்த இடத்தில் என்ன பழுது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள், ‘எலெக்ட்ரிக்கல் வேலை’ என்று மொட்டையாக வேண்டாம். கழற்றிய ஒயரைக் குப்பையில் போடாமல் ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். வீட்டுக்காரருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் போடுங்கள், வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள்.